முதல் சாலுரான்

வாக்குச்சீட்டின் ஓரத்தில் கறுப்பாக எண்ணெய் அப்பியிருந்தது.

தேர்தல் அதிகாரி சீட்டை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். பெருக்கல் குறி எதிரணியின் கட்டத்தில் விழுந்திருந்தது.

லோகேஸ்வரி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். கட்சியின் எண்ணிக்கை ஏஜெண்ட் அவள். இப்படி ஏதாவது கண்ணில் படாதா என்றுதான் அவளை இங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

வாக்காளர்களை வயதுப்படி பிரித்து, பள்ளிக்கூடத்தில் பிரிவுக்கொரு வகுப்பறை ஒதுக்குவார்கள். அதற்குச் சாலுரான் என்று பெயர். முதல் சாலுரான் கிழடுகட்டைகளுக்கு. கடைசி சாலுரான் இளவட்டங்களுக்கு. பெட்டிகளைத் தனித்தனியே எண்ணுவதால், எந்த வயசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது விளக்கு வைப்பதற்குள் சுங்கை பினாங் தொகுதி முழுக்கத் தெரிந்துவிடும்.

போன தேர்தலில் முதல் சாலுரான் ஒழுகிவிட்டது.

கட்சி சிபாரிசில் கிடைத்த வாடகை ஃபிளாட்டில் குடியிருந்துகொண்டு, கட்சிக் கூட்டத்தில் மீகூன் கோரெங்கை வழித்துத் தின்றுவிட்டு, யாரோ அந்தப் பக்கம் குத்தியிருந்தார்கள்.

"உள்ளுக்குள்ளேயே எவனோ அறுக்குறான்லா," என்று தொகுதித் தலைவர் ஹரிசங்கர் மேசையைத் தட்டினார். "பிளாக்குல எல்லா மூஞ்சியும் உனக்குத் தெரியும். யாருன்னு பாரு தங்கச்சி. அப்புறம் அவன் வீட்டு வாடகைப் பத்திரத்தை யாரு புதுப்பிச்சுத் தர்றான்னு நான் பார்க்கறேன்."

அன்றிலிருந்து லிஃப்டில் ஏறினால்கூட அவள் முகங்களைத்தான் பார்த்தாள். ஆபீஸ் கிராணி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கதிர்காமநாதன் யாருக்கும் முகம் கொடுக்காமல் பேப்பரோடு போகிறார். அவராக இருக்கலாம். மூன்றாம் மாடிச் சின்னம்மா இரண்டு கட்சிச் சட்டையையும் வாங்கித் தரை துடைக்கிறாள். அவளை எப்படி நம்புவது?

யாராவது ஒருவர் சிக்கினால் போதும் என்றிருந்தது லோகேஸ்வரிக்கு. சிக்கிவிட்டால் இந்த உற்றுப் பார்க்கிற வேலை ஓயும்.

இப்போது இந்தக் கறை.

போட்டது யார் என்று காட்டிக்கொடுக்கிற அடையாளம் இருந்தால் சீட்டு செல்லாது. அவள் கையைத் தூக்கினால் எதிரணிக்கு ஒன்று குறையும்.

அவள் குனிந்து பார்த்தாள்.

கறை இல்லை, கைநாட்டு. கட்டைவிரல். ஆனால் பாதிதான் இருந்தது. நுனி இல்லாமல், கத்தியால் நறுக்கியது போல மொட்டையாக.

தூக்கப் போன கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

காலையில் ஏஜெண்டுகளுக்குச் சம்பல் வைத்த நாசி லெமாக் பொட்டலங்களை ஏற்றி வந்த கட்சி வேன் வழியில் படுத்துவிட்டது. கிளைத் தலைவர் அய்யாக்கண்ணுதான் பானெட்டைத் திறந்து, முழங்கை வரை உள்ளே விட்டு, அதைக் கிளப்பிக்கொண்டு வந்தார். அவளுடைய அப்பா.

"கையக் கழுவிட்டு உள்ள போங்கப்பா."

"சாமியா கும்பிடப் போறேன்? வெயில் ஏறுறதுக்குள்ள குத்திட்டு வந்துர்றேன்," என்று சிரித்துக்கொண்டே முதல் சாலுரான் வரிசையில் போய் நின்றார்.

அந்தக் கட்டைவிரலின் மறுபாதியைப் படகுப் பட்டறையின் வின்ச் கடித்துக்கொண்டது. அப்போது கட்சி ஒரு பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து படம் பிடித்துக்கொண்டு போனது. பிறகு நஷ்டஈட்டுக்கு அவர் கட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்தபோதெல்லாம், "நாளைக்கு வாங்கண்ணே." அவரும் நாளைக்கும் போனார். ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. கொடி கட்டச் சொன்னால் ஏணியோடு முதலில் நிற்பவரும் அவர்தான்.

"எண்ணெய்தானே அக்கா, ஓட்டு ஓட்டுதான்லா," என்றாள் பக்கத்திலிருந்த எதிரணி ஏஜெண்ட் மர்ஜானா, மலாயில்.

வாசலில் நின்ற ஹரிசங்கர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா அடையாளம் அது? ஆட்சேபணை பண்ணு. இரு, நான் வந்து பார்க்கறேன்."

அந்தக் கையை மேடைக்கு மேடை குலுக்கியவர் அவர். ஒரு பார்வை போதும்.

"வேணாம்ணே," என்றாள் லோகேஸ்வரி. குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "மை இழுவியிருக்கு, அவ்வளவுதான். குறி தெளிவா இருக்கு."

ஹரிசங்கர் கால் எடுத்து வைத்த இடத்திலேயே நின்று அவளைப் பார்த்தார்.

ஆட்சேபணை உண்டா என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை."

சீட்டு எதிரணிக் குவியலில் போய் விழுந்தது. அதன்மேல் அடுத்த சீட்டு விழும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்ணி முடித்து வெளியே வந்தபோது, அய்யாக்கண்ணு வேனில் சாய்ந்து ஒரு கந்தல் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாருன்னு தெரிஞ்சுதா?" கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"இல்லப்பா."

துணி ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தது.

"ம். கடைசி சாலுரானும் ஒழுகிருச்சாம். போன தடவை சுத்தமா நம்ம பக்கம் இருந்த பெட்டி. தலைவரு குதிச்சுக்கிட்டு இருக்காரு." வேன் கதவைத் திறந்தார். "உன் செட்டுப் பிள்ளைங்கதான். உனக்கு யார் மேலயாச்சும் சந்தேகம் இருக்காம்மா?"

லோகேஸ்வரி இல்லை என்று தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

காலையில் கடைசி சாலுரானுக்குள் நுழையும் முன், சம்பல் எண்ணெய் ஒரு பொட்டுகூடச் சீட்டில் ஒட்டிக் காட்டிக்கொடுத்துவிடாதபடி அவள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவியிருந்தாள்.