கீரி எழுதிய ‘அது’

சட்டப் படிப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த கீரிக்கு, முட்டையைப் பறிகொடுத்த கோழிதான் முதல் கட்சிக்காரர். கீரி மிடுக்காக மனு எழுதிக் கொடுத்தது: “உடும்பைக் கோழி கூட்டில் பார்த்தது. அது முட்டையைத் தின்றிருந்தது. ஆகவே அதைக் கட்டிப்போட வேண்டும்.”

நீதிபதி நாரை மனுவைப் படித்துக் கொதித்துப்போனது. “பார்த்ததும் கோழி, தின்றதும் கோழியா? தான் இட்ட முட்டையையா தின்றது? கட்டுங்கள் கோழியை!”

வாசலில் நின்ற உடும்பு நிம்மதியாக ஏப்பம் விட்டது.

கீரி அங்கேயே உட்கார்ந்து மனுவைத் திருத்தியது: “உடும்பு கோழியின் முட்டையைத் தின்றது. உடும்பைக் கட்டிப்போட வேண்டும்.”

கோழியை அவிழ்த்து உடும்பைக் கட்டினார்கள்.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. முதல்லயும் நான் அதைத்தானே எழுதினேன்?” என்றது கீரி.

கயிறு இறுக்கிய காலை உதறிக்கொண்டே கோழி கேட்டது: “எதை?”