பதினான்காம் கடிதம்

அச்சுக்குப் போகும் முன் திருத்தம் பார்க்கிற தாள் அது. அதில் அவள் தன் பெயரைப் பார்த்தாள். பெயர் சரியாக இருந்தது.

மற்ற எதுவும் அவள் எழுதியதல்ல.

'நம் மகள் நலமாக இருக்கிறாள். உங்கள் படத்தைக் காட்டினால் முஷ்டியை மடக்கிக் கையை உயர்த்துகிறாள்.'

அவள் எழுதிக் கொடுத்தது வேறு.

செங்கமலத்துக்குப் பதினெட்டு நாளாகக் காய்ச்சல். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மூளைக்காய்ச்சலாம். பெரிய டாக்டரும் கையை விரித்துவிட்டார். பரோல் கேட்டு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

அமிர்தவல்லி தாளை ஆசிரியரின் மேஜைமேல் வைத்தாள்.

மில் தொழிலாளர் தலைவர் தணிகைநாதன் சிறைக்குப் போய் எட்டு மாதம். மனைவியான அவளுக்கும் பார்க்க அனுமதி இல்லை. தபாலில் போட்ட கடிதங்கள் எதுவும் போய்ச் சேரவில்லை. கட்சியின் வார இதழ் மட்டும் ஒரு சிறை வார்டரின் சட்டைக்குள் ஒளிந்து உள்ளே போனது.

அதனால்தான் இதழில் எழுதினாள். 'சிறைக்கு ஒரு கடிதம்.' பதின்மூன்று வந்துவிட்டன. மில் வாசலில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் நின்று கேட்டார்கள்.

அவள் எழுதுவதை ஆசிரியர் பரஞ்சோதி திருத்துவார். அவள் அழுதேன் என்று எழுதினால் அச்சில் நிமிர்ந்து நின்றிருப்பாள். அவளுக்குத் தெரியும். இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. நிமிர்ந்து நிற்கிற அந்தப் பெண்ணை அவளுக்கும் கொஞ்சம் பிடித்திருந்தது.

"அண்ணி, பரோல் கேட்டா சும்மா விடுவானுங்களா? மன்னிப்பு எழுதிக் கொடுன்னுவானுங்க. உள்ள முந்நூறு பேர் இருக்காங்க. அண்ணனே அசைஞ்சுட்டாருன்னு தெரிஞ்சா ஒருத்தனும் நிக்க மாட்டான்."

"அதை அவர் முடிவு பண்ணட்டும். அவருக்குத் தெரியணும்ல?"

பரஞ்சோதி தாளை அவள் பக்கமே தள்ளினார்.

"போடலைன்னா என் பேரை எடுத்துடுங்க. இனிமே எந்தக் கடிதத்துக்கு அடியிலயும் என் பேர் வரக்கூடாது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார்.

"சரி. ரெண்டு வரி."

அவள் நம்பவில்லை. அச்சுக்கூடத்துக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அச்சுக் கோக்கிற லூர்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தார். இரண்டு வரி.

மகள் சாகக் கிடக்கிறாள். வந்துவிடுங்கள்.

முதல் தாள் ஈரமாக வெளியே வரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. மற்ற வரிகள் எல்லாம் பழையபடியே இருந்தன. நலமாக இருக்கும் மகள், உயர்த்திய கை, வெல்லப்போகும் போராட்டம். கடைசியில் இந்த இரண்டு.

போதும் என்று நினைத்தாள். அவர் புரிந்துகொள்வார்.

வெள்ளிக்கிழமை இதழ் உள்ளே போனது.

அதன்பின் ஆஸ்பத்திரி ஜன்னலருகே நின்றபடியே இருந்தாள். வாசலில் எந்த ஜீப் நின்றாலும் இறங்குகிறவரின் முகத்தைப் பார்த்தாள். குழந்தைக்குத் தலை வாரிவிட்டாள். அவர் வரும்போது சிக்கோடு இருக்கக்கூடாது.

சனி. ஞாயிறு. திங்கள். யாரும் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய பதில் வந்தது. இதழின் முதல் பக்கத்தில், கட்டம் கட்டி.

'என் துணைவியாரின் கடிதத்தில் எதிரியின் கை இரண்டு வரிகளைச் சேர்த்திருக்கிறது. அவர் எழுத்தை நான் அறிவேன். எட்டு மாதத்தில் ஒருமுறையேனும் கலங்கி எழுதியவரல்ல. என் மகள் நலமாக இருக்கிறாள். தோழர்களே, ஏமாறாதீர்கள்.'

கீழே அவர் பெயர்.

அவள் மூன்று முறை படித்தாள். அவர் பேசுகிற மாதிரி ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று தேடினாள். இருப்பது போலவும் இருந்தது. இல்லாதது போலவும் இருந்தது. அச்சில் எல்லாருடைய கையெழுத்தும் ஒன்றுதான்.

செருப்பில்லாமல் இதழ் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"அவர் கைப்பட எழுதினது எங்க? அதைக் காட்டுங்க."

"கோத்து முடிச்ச உடனே கிழிச்சுடுவோம் அண்ணி. எப்ப வேணாலும் போலீஸ் வரும். உங்களுக்குத் தெரியாததா?"

லூர்துவைப் பார்த்தாள். அவர் எழுத்துப் பெட்டியின்மேல் குனிந்திருந்தார். நிமிரவில்லை.

"லூர்தண்ணே. அவர் எழுத்துதானா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு மறுபடி பொறுக்கத் தொடங்கின.

திரும்பி வரும் வழியில் மில் வாசலில் அவளைக் கண்டதும் இரண்டு பெண்கள் கும்பிட்டார்கள். "பாப்பாவுக்கு ஒண்ணுமில்லைன்னு இப்பத்தாம்மா படிச்சுச் சொன்னாங்க. வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு," என்றாள் ஒருத்தி.

அவளும் கும்பிட்டாள்.

வார்டில் சாயங்கால வெயில் கட்டில்வரை வந்திருந்தது. செங்கமலம் கண் திறந்திருந்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு இன்றுதான்.

அம்மாவின் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். முதல் பக்கத்தில் அப்பாவின் படம்.

"அப்பா என்ன எழுதியிருக்காரு?"

அமிர்தவல்லி இதழை மடித்தாள். இன்னொரு முறை மடித்தாள்.

"நீ நல்லா இருக்கேன்னு எழுதியிருக்காருடி."

குழந்தை அதைக் கொஞ்ச நேரம் யோசித்தது.

பிறகு இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, எழுந்து உட்காரப் பார்த்தது.