மருந்துக்குக் கேட்காதது

எபனேசரின் வலது காதிலிருந்த பஞ்சை டாக்டரம்மா இடுக்கியால் எடுத்ததும் கட்டிலைச் சுற்றி அழுகல் வாடை பரவியது. கிருபை மூக்கைப் பொத்தவில்லை. அவளுக்கு அந்த வாடை பழகியிருந்தது. வீட்டில் இருந்தவரை கணவரின் தலையை மடியில் சாய்த்து, பூண்டு தட்டிப் போட்ட எண்ணெயை வெதுவெதுப்பாக அந்தக் காதில்தான் விட்டுக்கொண்டிருந்தாள். அப்போது மட்டும் அவர் முனகலை நிறுத்துவார்.

"கிருமி காதைத் தாண்டி மண்டையோட்டு எலும்புக்குள்ள போயிடுச்சும்மா. சுகர் இருக்கிறவங்களுக்கு அபூர்வமா இப்படி வரும். ஊசியை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தாச்சு. எந்த மருந்துக்கும் கேக்கல."

டாக்டரம்மா புதுப் பஞ்சை வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"என்ன சொல்லுதாவ?" என்றார் எபனேசர்.

கிருபை குனிந்து அவருடைய இடது காதில் வாயை வைத்தாள். ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்.

"கேக்கலையாம்."

"அவ்வளவுதானா? நான் பயந்துட்டேன். கேக்கலன்னா போவுது, வலி நின்னாப் போதும். இன்னொரு காது இருக்குல்லா?"

அவருடைய முகத்தின் இடது பாதி சிரித்தது. வலது பாதி அசையவில்லை. கிருபை கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். எண்ணெய் விடப்போகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, வலது காதை மேலே காட்டியபடி அவள் மடியில் சாய்ந்தார். கேட்கும் காது சேலைக்குள் நன்றாகப் புதையும்வரை காத்திருந்து, கிருபை அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.