பின்சுவரில் வைத்த சோறு

காக்கை வரவில்லை.

பின்சுவரின் மேல் இலை விரித்து, சோறும் வடையும் அப்பாவுக்குப் பிடித்த கருணைக்கிழங்கு வறுவலும் வைத்திருந்தோம். மொத்த சனமும் கொல்லையில் நின்று கா, கா என்று கத்தியது. பந்தியில் உட்கார வேண்டியவர்கள் பசியோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா செத்துப் பதினாறாம் நாள் காரியம். காக்கை வாய் வைக்காமல் யாரும் சாப்பிட முடியாது.

அப்பா, கோவிந்தராசு, பீங்கான் கம்பெனியில் அச்சில் மண்களி ஊற்றிக்கொண்டிருந்தவர். ஓரம் உடைந்து கழித்துப் போடுகிற கிண்ணங்களைக் கேட்டு வாங்கி வந்து, தெருவிலுள்ள மரங்களில் எல்லாம் பறவைகளுக்குத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மற்ற அப்பாக்கள் பிள்ளைகளைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனார்கள். இவர் எங்களையும் அம்மாவையும் மணிமுத்தாற்றங்கரைக்குக் கூட்டிப்போய் நாரை காட்டினார். எங்களுக்கு அது பிடித்ததில்லை. போனோம்.

மூத்த பிள்ளைக்குக் கார்முகில் என்று பெயர் வைத்தார். அந்த மேகம்தான் இப்போது ஓசூரிலிருந்து வந்து, கொல்லையிலிருக்கும் புங்கமரத்தை வெட்ட ஆள் பேசியிருந்தது. மறுநாள் காலையில் ரம்பத்தோடு வருகிறார்கள். அந்த இடத்தில் வாடகைக்கு இரண்டு அறை கட்டப்போகிறான்.

அம்மா கேட்டுப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள்.

"நட்டவரே போயிட்டாரு. மரம் யாருக்கும்மா?" என்றான் கார்முகில்.

ஐடிஐயைப் பாதியில் விட்டுவிட்டு, இரவில் சூளை வேலைக்குப் போய், பகலெல்லாம் தூங்குகிற இளையவன் நான்; என் பேச்சு எங்கள் வீட்டில் எடுபடாது.

வெயில் ஏறியது. இலையின் ஓரம் சுருள ஆரம்பித்தது.

முதலில் பொறுமை இழந்தவர் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்திருந்த மாமா சக்கரபாணி. அம்மாவின் தம்பி.

"மொட்ட மாடியில வையின்னு சொன்னேன். கேட்டியாக்கா?"

"அவரு எப்பவும் நிக்கிற எடம் இதுதான்" என்றாள் அம்மா.

மாமா மேலே பார்த்துக் கை குவித்தார். "மாமா, ஷிப்டு முடிஞ்சிடுச்சி. வந்துடுங்க. சனங்க பசியில நிக்கிறாங்க."

இரண்டு பேர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பக்கத்து வீட்டு தர்மராஜ் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் செல்போனை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"மனசுல கொறை வெச்சிட்டுப் போயிருக்காரு" என்றார் மாமா. "பசங்களா, ஆளுக்கு ஒரு வாக்குக் குடுங்க. வருதா பாப்போம்."

நான் ஐடிஐயை முடித்துவிடுகிறேன் என்றேன். பொய் என்று காக்கைக்கே தெரிந்திருக்கும். வரவில்லை.

எல்லாத் தலையும் கார்முகில் பக்கம் திரும்பியது. மரம் என்று யாரும் சொல்லவில்லை. அவன் சட்டையில் புங்கம்பூ உதிர்ந்து கிடந்தது. அவன் தட்டிவிடவும் இல்லை.

மாமா சுவரில் கற்பூரம் ஏற்றினார்.

கார்முகில் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு உள்ளங்கையால் அடித்து அணைத்தான்.

"வெட்டல. நான் இருக்கிற வரைக்கும் வெட்டமாட்டேன். வாப்பா."

அப்போதும் வரவில்லை.

"இத்தினி பேரு சுத்தி நின்னா எப்பிடி வரும்?" என்றாள் அம்மா. "தெருமுனையில டிரான்ஸ்பார்மர் கிட்ட கொண்டுபோயி வையிங்க."

கொண்டுபோய் வைத்தோம். கையை எடுப்பதற்குள் ஒரு கூட்டமே வந்து விழுந்தது. கார்முகில் நடுத்தெருவில் நின்று, மூக்கு ஒழுக அழுதான். பிணம் எடுத்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை. மாமா கூட்டத்தில் கழுத்து பெருத்த ஒன்றைக் காட்டி, அதுதான் தன் மாமா என்றார். எல்லோரும் கும்பிட்டார்கள். பந்தி தொடங்கியது.

நான் தண்ணீர் எடுக்கக் கொல்லைக்கு வந்தேன்.

அம்மா தனியாக மரத்தடியில் நின்றிருந்தாள். அந்தக் கழுத்து பெருத்த காக்கை முனையில் தின்றது போதாமல் எங்கள் பின்சுவருக்கு வந்திருந்தது. சிந்திக் கிடந்த பருக்கைகளை அது பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துப் புங்கமரத்தின் கிளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து அப்பாவின் உண்டிவில்லை எடுத்தாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு களிமண் உருண்டை. இழுத்து விட்டாள். உருண்டை சுவரில் பட்டு மாவாக உதிர்ந்தது. காக்கை கத்திக்கொண்டு பறந்தது.

சுடாத மண். கம்பெனியில் மிஞ்சுகிற களியை உருட்டி, நிழலில் காயவைப்பார் அப்பா. சூளையில் வைத்து எடுத்தால் காக்கைக்கு அடிபடும் என்பார். கொண்டைக்குருவிகள் புங்கமரத்தில் கூடு கட்டுகிற மாதங்களில் அவர் சுவரோரம் நின்று காக்கை விரட்டுவது தெருவுக்கே தெரியும். வெளியூரில் இருந்தவர்களுக்குத்தான் தெரியாது.

அவர் போய்விட்டார், இனிமேல் காக்கை வரும் என்று நினைத்துத்தான் நானும் கத்திக்கொண்டிருந்தேன். இந்தப் பதினாறு நாளும் அவர் இடத்தில் யார் நின்றார்கள் என்பது பகலில் தூங்குகிறவனுக்குத் தெரியவில்லை.

"அந்தக் காக்காவத்தான் மாமா அப்பான்னு சொல்லிட்டிருக்காரும்மா" என்றேன்.

அம்மா முடிச்சில் அடுத்த உருண்டையைத் தேடினாள்.

"உங்கப்பாவா இருந்தா இந்தப் பக்கம் வருமா? மேல குஞ்சு இருக்குது."