பூட்டு உடைத்த கண்கள்

என் கணவர் அருள்தாசுக்குப் பொருத்திய செயற்கைக் கண்களில், என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சிவப்பழகு க்ரீம் விளம்பரம் ஓடும். கம்பெனிக்காரனுக்கு அவ்வளவு கொழுப்பு! பொறுக்க முடியாமல் முத்தையாபுரம் மெக்கானிக்கிடம் போய், கம்பெனி போட்ட மென்பொருள் பூட்டை உடைத்தோம். வாரண்டி போனது, விளம்பரமும் ஒழிந்தது.

“இப்பதான் உன் முகமே தெரியுது, ஜெசிந்தா.” அவர் என் முகத்தைக் கைகளில் ஏந்தினார்.

கிறிஸ்துமஸுக்கு எடுத்த பச்சைப் புடவையை வேறு யார் கண்ணிலும் படாமல் அவருக்கு மட்டும் கட்டிக் காட்டிவிட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் நன்றி சொல்ல மெக்கானிக்குக்குக் கேக் கொண்டுபோனேன்.

“அந்தப் பச்சைப் புடவை உங்களுக்கு எடுப்பா இருந்துச்சுக்கா” என்று இளித்தான்.

கேக்கை அவன் மூஞ்சியில் எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். சத்தம் கேட்டு அவர் ஆசையாக நிமிர்ந்தார்.

“என்னைப் பாக்காதீங்க!” என்று கத்தினேன்.