சத்தமில்லாத வண்டி

"வண்டி ஸ்டார்ட் ஆவலியேம்மா" என்றார் தாண்டவராயன், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி.

"ஆயிடுச்சு சார். ஸ்கிரீன்ல பச்சை லைட் வந்திருக்குது பாருங்க. கரண்ட் வண்டி, சத்தம் வராது." பக்கத்து சீட்டிலிருந்து சொன்ன ஷோபனாவுக்கு உள்ளுக்குள் திக்கென்றது. இந்த இடத்தில்தான் வருகிறவர்கள் எல்லாரும் காலை வாரிவிடுவார்கள். சத்தமே இல்லாதது ஒரு வண்டியா என்று சிரித்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள்.

இந்த மாதமும் ஒரு வண்டிகூட புக் ஆகவில்லை என்றால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று மேனேஜர் காலையில்தான் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். வீட்டில் அவளைப் பெற்ற நைனா படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது.

ஆனால் தாண்டவராயன் இறங்கவில்லை. "சுத்தமா சத்தம் வராதா? வெளிய நிக்கிறவங்களுக்கு?"

"பக்கத்துல வந்து நின்னாகூட தெரியாது சார்."

அவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்த அவர் மனைவி சுந்தராம்பாள் தலையாட்டினாள். ஷோபனாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

வல்லத்திலிருந்து அவர்கள் வந்த பழைய டீசல் ஜீப் ஷோரூம் வாசலில் நின்றிருந்தது. அது வந்த இரைச்சலில் எதிர் டீக்கடைக்காரரே வெளியே எட்டிப் பார்த்தார். அதில் காலம் தள்ளிய மனுஷனுக்கு இந்த வண்டி பிடிக்காமல் எங்கே போகும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

வண்டி நகர்ந்தது. இல்லாத கிளட்ச்சைத் தேடித் தேடி அவருடைய இடது கால் வெறும் தரையை மிதித்தது.

"கோட்டை வாசல் வரைக்கும் போயி திரும்பிடலாம் சார்."

"சிங்கவரம் பக்கம் போயிட்டு வந்துடறேம்மா" என்று அவர் வண்டியைத் திருப்பினார். "கண்ணாடியெல்லாம் ஏத்திவிடு."

ஊருக்குள் வேண்டாம், மேனேஜர் திட்டுவார் என்று ஷோபனா சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சிங்கவரத்தில் ஒரு தெருவுக்குள் நுழைந்து, ஆள் நடக்கிற வேகத்துக்கு வண்டியை இறக்கினார். தெருக்கோடியில் திரும்பி மறுபடியும் அதே தெருவுக்கு வந்தார்.

அவர் பார்வை ஒரே வீட்டின் மேல்தான் இருந்தது. வாசலில் ஒரு இளம்பெண் மல்லாட்டைக் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தாண்டவராயன் தோள் துண்டை எடுத்து முகத்தைப் பாதி மூடிக்கொண்டார். பின்னால் சுந்தராம்பாள் சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டாள்.

பேப்பரில் படித்த கொலை, கடத்தல் செய்தியெல்லாம் ஷோபனாவுக்கு ஞாபகம் வந்தது. யாரை நோட்டம் விடுகிறார்கள், என்ன பகை, ஒன்றும் புரியவில்லை. வண்டியின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ஷோரூம் பெயர் வேறு இருக்கிறது. ஏதாவது நடந்தால் முதலில் மாட்டுகிறவள் அவள்தான்.

"போதும் சார், திரும்பிடலாம்."

"இன்னும் ஒரே ஒருவாட்டிம்மா."

அப்போதுதான் அந்த வீட்டு வாசலிலிருந்து ஒரு குழந்தை கோழியைத் துரத்திக்கொண்டு தத்தித் தத்தித் தெருவுக்கு வந்தது. வண்டி வருவது அதற்குத் தெரியவே இல்லை.

"ஹாரன் அடிங்க சார்."

அவர் கை ஹாரன் வரைக்கும் போனது. அடிக்காமல் திரும்பி வந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தார். குழந்தைக்குக் கையெட்டும் தூரத்தில் வண்டி குலுங்கி நின்றது. குழந்தை பம்பரைத் தட்டிச் சிரித்தது.

"நடக்குறானே" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தாள் சுந்தராம்பாள்.

ஷோபனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை சக்கரத்துக்கு அடியில் போகப் பார்த்தது, இந்த அம்மாவுக்குப் பேசுவதற்கு வேறு பேச்சே கிடைக்கவில்லையா. அவள் கதவைத் திறந்து கீழே குதித்தாள்.

அந்தப் பெண் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து குழந்தையை வாரி எடுத்தாள். "அறிவு இருக்குதா உங்களுக்கு? ஒரு சத்தம் இல்லாம வந்து நிக்கிறீங்க. எம்புள்ள மேல ஏத்தியிருந்தா இன்னா பண்ணுவ?"

"மன்னிச்சிடுங்கக்கா. தெரியாம ஆயிடுச்சு."

மன்னிப்பு கேட்க வேண்டிய ஆள் துண்டில் முகத்தைப் புதைத்து ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கிடந்தார். அந்தப் பெண் வண்டியில் இருந்த ஷோரூம் பெயரை ஒரு முறை முறைத்துவிட்டு, குழந்தையோடு உள்ளே போய்விட்டாள்.

போச்சு. இனி அவள் ஒரு போன் போட்டால் போதும், மேனேஜர் மாதக் கடைசிவரைகூடப் பொறுக்க மாட்டார். வண்டிக்குள் திரும்பி உட்கார்ந்தபோது ஷோபனாவிடம் பயம் போய் ஆத்திரம் மட்டுமே மிச்சம் இருந்தது.

"ஹாரன் அடிச்சா இன்னா சார் கொறைஞ்சிடும் உங்களுக்கு? எறங்கி ஒரு வார்த்தை மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்ல? நெசமாவே வண்டி வாங்கத்தான் வந்தீங்களா?"

தாண்டவராயன் தலையை நிமிர்த்தவில்லை. அவர் தோள் இரண்டும் குலுங்கின. பதில் பின்சீட்டிலிருந்து வந்தது.

"கோவிச்சுக்காதம்மா. அது எங்கள மீறி கட்டிக்கினவன் வூட்டு வாசல்ல நின்னு இவரு பேசக்கூடாத பேச்செல்லாம் பேசிட்டாரு" என்றாள் சுந்தராம்பாள், அந்த வீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுலேர்ந்து, எங்க ஜீப்பு சத்தம் கேட்டாலே எம்பொண்ணு கதவ சாத்திக்குது."