இறுகின ஸ்டியரிங்

“ஸ்டியரிங் ரெக் போயிட்டு எண்டுதான் நினைக்கன் மச்சான். ஆறுதலாப் பாரு. அவசரமே இல்ல.”

இதச் சொல்லக்குள்ள றிஸ்கான்ட முகத்துல ஒரு பொட்டுக் கவலையும் இல்ல. நிப்றாஸுக்கு அது அப்பவே பிடிக்கல்ல.

சாய்ந்தமருதுல மெயின் றோட்டுலதான் நிப்றாஸ்ட கராஜ். ஸ்டியரிங் வேலை எண்டா அக்கரைப்பற்றுல இருந்தும் அவனத் தேடித்தான் வருவாங்க.

“இது உன்ட பொண்டாட்டி ஓடுற காருதானே. என்ன திடீரெண்டு?”

“ஒரு மாசமா கல்லு மாதிரி இறுகிட்டுடா. பொம்புளக் கைக்கு இனி இது ஏலா. காலையும் பின்னேரமும் நான்தான் இவவ ஒலுவில் ஸ்கூலுக்கு ஏத்தி இறக்குற.” றிஸ்கான் புஜத்தத் தட்டிக் காட்டினான். “பாரு, ஜிம்முக்குப் போகாமலே!”

கார் முன் சீட்டுல இருந்த சிபானா டீச்சர் றோட்டப் பாத்துட்டு இருந்தா. சிரிக்கல்ல.

“ஒரு மாசமாவா? அப்ப ஏன் இவ்வளவு நாளும் கொண்டு வரல்ல?”

“இப்பயும் மாமிட கரைச்சலுக்குத்தான் வந்த. மகளுக்குக் குடுத்த கார, மருமகன் பழுதாக்கிட்டானாம்! நீ பாரு மச்சான். நான் அசர் தொழுதுட்டு அப்படியே ஒரு டீயும் அடிச்சிட்டு வாறன்.”

விசிலடிக்காத குறையாப் போனான்.

டீச்சர இறங்கச் சொல்லிட்டு, நிப்றாஸ் ஜக் வெச்சி காரத் தூக்கி, கீழ பூந்தான். எலக்ட்ரிக் ஸ்டியரிங் எண்டா அவனுக்குப் பைத்தியம்! நாம லேசாத் திருப்பினாக் காணும், ஒரு சின்ன மோட்டர் ரெக்கத் தள்ளி டயரத் திருப்பிக் குடுக்கும். ஆனா இந்தக் கடற்கரை ஊருகள்ல ஒரு பிரச்சினை. ரெக்குட ரெண்டு பக்கமும் போட்டிருக்கிற றப்பர் கிழிஞ்சா, மண்ணும் உப்புக் காத்தும் உள்ள போய், துருப்பிடிச்சி, ஆளு முடிஞ்சான். புது ரெக்தான் போடணும்.

றப்பரப் பிதுக்கிப் பாத்தான். ஒரு வெடிப்பில்ல. டயரப் புடிச்சி உலுப்பினான். ஒரு ஆட்டமில்ல. ரெக் புதுசு மாதிரிக் கிடந்திச்சு.

“அப்ப கரண்ட் போகல்லயோ?” எண்டு பொனட்டத் திறந்து, பியூஸ் பெட்டிட மூடியக் கழட்டினான்.

ஸ்டியரிங் பியூஸ் எரியல்ல. பியூஸே இல்ல!

எரிஞ்சிருந்தா கறுத்துப் போயாவது கிடந்திருக்கும். இது துப்புரவா வெறும் ஓட்டை. யாரோ கழட்டி எடுத்திருக்காங்க.

நிப்றாஸுக்கு உச்சந்தலை சூடாகிட்டு. கட்டார்ல வேலை போய் றிஸ்கான் ஊருக்கு வந்து ஆறு மாசம். இருக்கிறது பொண்டாட்டிட ஊடு, திங்கிறது பொண்டாட்டிட சம்பளம். அவ கார் ஓடுறது பிடிக்காட்டி வாயால சொல்ல ஏலாதா? களவாப் பியூஸக் கழட்டிப் போட்டு, புஜத்த வேற காட்டுறான்!

உள்ள போய் ஒரு புதுப் பியூஸ் எடுத்து வந்து குத்தினான். ஜக்க இறக்கி, ஸ்டார்ட் பண்ணி, ஒத்த விரலால ஸ்டியரிங்கச் சுத்தினான். வெண்ணெய்!

“டீச்சர், இங்கால வந்து ஒருக்காத் திருப்பிப் பாருங்க.”

சிபானா டீச்சர் ட்ரைவர் சீட்டுல ஏறி, இந்தப் பக்கம் ஒருக்கா, அந்தப் பக்கம் ஒருக்காத் திருப்பினா. மனிசிட முகம் செத்துப் போயிட்டு.

“ரெக்குக்கு ஒண்டுமில்ல டீச்சர். பியூஸக் கழட்டி ஒளிச்சிருக்காங்க. யாரெண்டு நான் சொல்லத் தேவல்ல. அவன் வரட்டும், நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கன்.”

“வேணாம் காக்கா!” புருசன்ட கூட்டாளிய டீச்சர் அண்ணன் முறை வெச்சித்தான் கூப்பிடுற.

“பயப்படாதீங்க. நாளையில இருந்து நீங்களே ஓடிப் போங்க. அவன் எப்படிப் பேசுறான் பாப்பம்.”

“காக்கா, நான் சொல்றதக் கேளுங்க. அதத் திருப்பிக் கழட்டுங்க.”

“என்ன கதை டீச்சர் இது? நீங்க இப்படி அடங்கி அடங்கிப் போறதாலதான் இவனுகளுக்குத் தலையில ஏறுற! கூட்டாளியா இருந்தாலும் அநியாயத்துக்கு நான் துணை போக மாட்டன்.”

றோட்டுக்கு அங்கால, டீக்கடை வாசல்ல றிஸ்கான் நாலு பேரோட கைய ஆட்டி ஆட்டிக் கதைச்சிட்டு நிண்டான். பெரிசாச் சிரிச்சான். பிறகு கராஜப் பாத்துத் திரும்பினான்.

டீச்சர் அதக் கண்டுட்டா.

“கெதியாக் கழட்டுங்க காக்கா, அவர் வாறார். அவருக்கு ஒண்டும் தெரியா. கழட்டினது நான்தான்.”

“நீங்களா?”

“ஓம். யூடியூபுல பாத்துக் கழட்டின.”

“ஏன் டீச்சர்?”

“வேலை போய் வந்த மனிசன் அஞ்சு மாசம் ஊட்டு கேட்டத் தாண்டல்ல காக்கா. பசிச்சாலும் சொல்ல மாட்டார். ராவையில எங்கட உம்மா படுத்தத்துக்குப் பிறகு குசினிக்குப் போய், சத்தமில்லாம நிண்டுட்டே திம்பார்.” டீச்சர்ட குரல் தணிஞ்சிட்டு. “என்னய ஸ்கூலுக்கு ஏத்தி இறக்கத் தொடங்கினத்துக்குப் பிறகுதான் மேசையில இருந்து, ‘சோறு போடுங்க மாமி’ எண்டு வாய் திறந்து கேக்கார்.”